நாற்பத்தோராவது மட்டை

போன மாதம் ஒரு காலை ரமணன் தொலைபேசி எடுத்தார். நான் வேலை செய்த கடற்றொழிலாளர் சங்கத்துக்கு முதன்முதலில் கணினி ஒழுங்கு ஒன்றைச் செய்து தந்த பொறியியலாளர் அவர். அப்போது மீசை கறுப்பாக இருந்தது. இப்போது தலையே நரைத்துவிட்டது, சொந்தமாக ஒரு நிறுவனம் வைத்திருக்கிறார். கரையோரச் சங்கங்கள் சிலவற்றைச் சேர்த்து ஒரே சிஸ்டமாகப் போடப்போகிறார்களாம். அதைப் பரிசோதிக்கும் மாதிரிப் பதிவுகளைக் கணினியே ஆயிரக்கணக்கில் உண்டாக்கித் தருகிறதாம்.

"எண்டாலும் உங்கடை மட்டையளையும் ஒருக்கா ஓடவிட்டுப் பாப்பம் எண்டு யோசிச்சனான் அக்கா. வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார்.

வைத்திருந்தேன். பழைய பரிசோதனைக்கு நான் எழுதிய அட்டைத் துண்டுகள் அவை, அலுமாரியின் கீழ்த்தட்டில், ரப்பர் வளையம் போட்டு. மட்டைகளோடு, அவற்றை எப்படிச் செய்தோம் என்றும் தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார். எனக்கு நாலு பேருக்கு முன்னால் கதைக்க வராது. எழுதும்போது ஒருவரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதனால் ஒப்புக்கொண்டேன்.

என் ஊர் இணுவில். தோட்டக்காரக் குடும்பம். சாதாரண தரம் வரை படித்து, மருதனார்மடத்தில் தட்டச்சுப் பழகி, இருபத்தைந்து வயதில் சங்கக் கந்தோரில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஐம்பத்தைந்தில் இளைப்பாறினேன். காலையில் ஒரு பஸ்சில் யாழ்ப்பாணம், அங்கிருந்து இன்னொரு பஸ்சில் கரை. வள்ளங்களைப் பதிவது, எஞ்சின் இலக்கம் எழுதுவது, ஐஸ் எடுக்கத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பது என்று முதல் வருடங்கள் போயின. வெங்காயத்துக்கு எப்போது தண்ணீர் இறைக்க வேண்டும் என்று தெரிந்த எனக்கு வலைகளின் பெயர் படிக்கவே இரண்டு வருடம் எடுத்தது. கரைப் பெண்கள் எனக்குத் "தோட்டத்து மிஸ்" என்று பெயர் வைத்தார்கள். இளைப்பாறும் நாள் வரை அது மாறவில்லை.

எங்கள் முகாமையாளர் யோசேப்பு சேர். முன்னர் ஒரு தபாற்கந்தோரில் இருந்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தக் கடிதத்தையும் தானாக வாசிக்கமாட்டார். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு "வாசியும்" என்பார். வாசிக்கும்போது எந்த வரியில் என் குரல் இறங்குகிறதோ அந்த வரியில்தான் பிழை இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் இருந்தது.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிய படிவம் எதுவும் அச்சுக்குப் போகமுன் அதில் ஒன்றை எடுத்து, எவ்வளவு பிழையாக நிரப்பலாமோ அவ்வளவு பிழையாக நிரப்புவார். திகதி எழுதவேண்டிய இடத்தில் பெயர் எழுதுவார். ஓம், இல்லை இரண்டிலும் புள்ளடி போடுவார். பிறகு அதை என்னிடம் தந்து, "இதைக் கொண்டு வந்தால் நீர் என்ன செய்வீர்?" என்று கேட்பார். எனக்குப் பதில் தெரியாவிட்டால் படிவம் திரும்பவும் எழுதப்படும். மாதிரி வைத்துப் பரிசோதிப்பது என்றால் என்ன என்று நான் படித்தது அங்கேதான். அதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன்.

இனி, வள்ளங்களின் விசயம். எங்கள் கரையில் பின்னேரம் தொழிலுக்குப் போகிற வள்ளங்கள் காலை ஏழு, எட்டு மணிக்குள் திரும்பிவிடும். போனவர்கள் திரும்பினார்களா என்று பார்க்கக் கந்தோர் விறாந்தையில் ஒரு பலகை இருந்தது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கரை. ஒவ்வொரு வள்ளத்துக்கும் இலக்கம் எழுதிய ஒரு மரத்துண்டு. போகும்போது துண்டைக் கடல் பக்க ஆணியில் கொழுவிவிட்டுப் போவார்கள். வந்ததும் கரைப் பக்கம் மாற்றுவார்கள். ஒன்பதரைக்கு யோசேப்பு சேர் விறாந்தைக்கு வந்து பலகையைப் பார்ப்பார். கடல் பக்கம் துண்டு கிடந்தால் மீன் நிறுக்கும் இடத்தில் நிற்கிற ஆட்களிடம் விசாரிப்பார். தேவை என்றால் இரண்டு வள்ளம் தேடிப் போகும்.

பலகையில் ஒரு குறை. களைத்து வருகிறவர்கள் துண்டை மாற்ற மறந்துவிடுவார்கள். தினமும் இரண்டு மூன்று துண்டு வீணாகக் கடலில் கிடக்கும். வேறு துறையில் இறங்கி வீட்டுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

இதற்காகத்தான் சிஸ்டம் வந்தது. கொழும்பில் இருந்த ஒரு அமைப்பு உதவி செய்தது. ரமணன் அமைத்துத் தந்தார். தொழிலுக்குப் போகிறவர் பின்னேரம் ஒரு இலக்கத்துக்கு அழைப்பு விட்டால் அவருடைய வள்ளம் 'கடலில்' என்று பதியும். திரும்பியதும் இன்னொரு இலக்கத்துக்கு. ஒன்பது மணி வரை திரும்பிய அழைப்பு வராத வள்ளங்களின் வீட்டுக்கு சிஸ்டமே தொலைபேசி எடுக்கும். உப்புத் தண்ணீருக்குப் பயந்து தொலைபேசியைக் கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் குறைவு. ஆகவே வீட்டில் மனைவிதான் எடுப்பார். "உங்கள் படகு கரை திரும்பிவிட்டதா? திரும்பியிருந்தால் ஒன்றை அழுத்தவும். திரும்பாவிட்டால் இரண்டை அழுத்தவும்" என்று ஒரு பெண் குரல் கேட்கும். ஒன்று என்றால் அந்த வள்ளம் திரையில் பச்சையாகி முடிந்துவிடும். இரண்டு என்றால் கந்தோருக்கும் பக்கத்து வள்ளக்காரர்களுக்கும் உடனே செய்தி போகும். அரை மணித்தியாலத்தில் கடற்படைக்கும் போகும்.

மாதிரிகளைச் செய்யும் வேலையை யோசேப்பு சேர் என்னிடம் தந்தார். பிஸ்கட் பெட்டிகளை அறுத்து நாற்பது மட்டைகள் செய்தேன். முன்பக்கத்தில் நடக்கிற விசயம்: எந்த வள்ளம், எந்த இலக்கத்தில் இருந்து அழைப்பு, யார் எதை அழுத்துகிறார்கள். பின்பக்கத்தில் சிஸ்டம் என்ன செய்ய வேண்டும் என்பது. கந்தோரின் மூன்று தொலைபேசிகளை வைத்துக்கொண்டு நானே மனைவியாகவும் நானே அண்ணனாகவும் நின்று அழுத்துவேன். ரமணன் திரையில் வந்ததை வாசிப்பார். மட்டையைத் திருப்பிப் பார்த்துச் சரி போடுவேன்.

சாதாரண மட்டைகள் பத்துத்தான். மற்றவை யோசேப்பு சேரின் வழியில் செய்தவை. ஒன்றை அழுத்திவிட்டு உடனே இரண்டை அழுத்துகிறவர். குழந்தை எல்லாவற்றையும் அழுத்துவது. பாதியில் பற்றரி முடிவது. கரைக்கு வந்த பிறகும் போகும்போது அழைக்கிற இலக்கத்துக்கே அழைப்பு விடுகிறவர். பதினெட்டாவது மட்டையில் ஒருவருக்கு இரண்டு வள்ளம், ஒரு தொலைபேசி. ஒன்றை அழுத்தியதும் இரண்டு வள்ளமும் பச்சையாகின. ஒன்று மட்டும்தான் ஆகியிருக்க வேண்டும். ரமணன் தலையில் கை வைத்தார். இரண்டு நாள் இருந்து திருத்தினார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அதைச் சொல்லத்தான் வேண்டும், பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நாற்பதும் சரி வந்த பிறகும் யோசேப்பு சேர் பலகையைக் கழற்ற விடவில்லை. திங்கள் தொடங்கிச் சனி வரை இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும் என்றார். ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்குச் சேருக்குப் பதிலாகப் பலகையையும் திரையையும் ஒப்பிட்டு ஒரு தாளில் 'ஒத்தது' என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும். ஞாயிறு பூசை முடியத் திறப்பு விழா. கொழும்பு ஆட்கள் வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் காலை அழைப்புப் போனதுமே கரையில் ஒரே சிரிப்பு. வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒரு பெண் குரல். ஜெசிந்தா என்கிற பெண் யன்னலில் வந்து நின்று, "ஆர் மிஸ் உவ? காலமை காலமை என்ரை மனுசனைத் தேடுறா. எனக்கே அவ்வளவு அக்கறை இல்லை" என்றாள். அவளுடைய கணவன் அருளப்புவும் அவனுடைய தம்பியும் இருபத்து மூன்றாம் இலக்க வள்ளத்தில் போகிறவர்கள். ரமணனும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை ஒன்றைக் கவனித்தேன். ஒரு வீட்டில் ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு ஒன்றை அழுத்தியிருந்தார்கள். திரையில் பச்சை. ஆனால் அந்த வள்ளத்தின் மீன் நிறுக்க வந்தது ஒன்பது ஐம்பதுக்கு. ஆட்கள் அப்போதுதான் இறங்கியவர்கள், உடுப்பு நனைந்திருந்தது. வியாழக்கிழமை வேறு இரண்டு வள்ளங்கள் அப்படி. சின்னக் கொப்பியில் எழுதி வைத்தேன். அந்த நான்கு நாளும் இரண்டை அழுத்தியவர் ஒருவரும் இல்லை என்பதையும் எழுதினேன். சேரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய அறையில் எந்த நேரமும் யாராவது இருந்தார்கள். தனியாக இருக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளங்கள் எப்படியும் வந்துவிட்டன தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, ஒவ்வொரு நாளும் 'ஒத்தது' என்று கையெழுத்து வைத்தேன்.

சனிக்கிழமை சோளகக் காற்று பலமாக இருந்தது. ஒன்பது மணிக்கு நான்கு வீடுகளுக்கு அழைப்புப் போனது. நான்கும் பச்சை. பலகையில் மூன்று துண்டுகள் கரைக்கு மாறிவிட்டன. இருபத்து மூன்று கடலில் கிடந்தது.

ஒன்பது பத்துக்கு ஜெசிந்தா யன்னலுக்கு வந்தாள். ஐசுக்குத் துண்டு ஒன்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அன்றைக்கு அவள் யாரையும் பகிடி பண்ணவில்லை. அடுத்தவருக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் ஞாயிறு. சனி பின்னேரம் எங்கள் கரையில் ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். சனிக்கிழமை ஐஸ் எதற்கு?

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேரின் அறையில் ரமணனும் விழாவுக்குப் பந்தல் போடுகிற இரண்டு பேரும் இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. நான் ஒரு கோவையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனேன். திரும்பி வந்தேன். திரையைப் பார்த்தேன், பச்சை. அழுத்தியவள் அவள்தான், அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இப்படியே அரை மணித்தியாலம் போனது. அதை நான் குறைத்தும் எழுதவில்லை, கூட்டியும் எழுதவில்லை.

கடைசியில் விறாந்தைக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். வந்துவிட்டாரா என்று கேட்க வாய் வரவில்லை. அது நல்லதாயிற்று.

"இண்டைக்கு எந்தப் பக்கம் போனவை?" என்று கேட்டேன்.

"மேற்காலை மிஸ். மணல்திட்டுக்கு அங்காலை வலை விடுறது எண்டு சொன்னவர். தம்பியும் கூட." பிறகு, "எஞ்சின் ரெண்டு நாளாய்ச் சத்தம்" என்றாள்.

மேசையில் இருந்த சின்னக் கொப்பியை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். இருபத்து மூன்று வரவில்லை, மேற்காலை போனது என்றேன். ரமணன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி, ஒன்பது ஒன்றுக்கு வீட்டில் ஒன்றை அழுத்தியிருக்கிறார்கள், பலகையில் துண்டு மாற்ற மறந்திருப்பார்கள், இந்தப் பிழைக்காகத்தானே பலகையை எடுக்கிறோம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானே கையெழுத்து வைத்த தாள்கள் அவருடைய பக்கம்தான் இருந்தன.  கையில் இருந்த சின்னக் கொப்பியை மட்டும் நீட்டினேன்.

யோசேப்பு சேர் அதை வாங்கவில்லை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"வாசியும்."

செவ்வாய், அழுத்தியது இத்தனை மணி, இறங்கியது இத்தனை மணி என்று வாசித்தேன். வியாழன் இரண்டையும் வாசித்தேன். இரண்டை அழுத்தியவர் இதுவரை ஒருவரும் இல்லை என்ற வரியில் குரல் இறங்கியது எனக்கே கேட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். பந்தல்காரர் இருவரையும் பார்த்து, கரையில் நிற்கிற மூன்று வள்ளத்தை உடனே மேற்காலை விடச் சொல்லுங்கோ, நான் சொன்னது எண்டு சொல்லுங்கோ என்றார். தானே தொலைபேசியை எடுத்துக் கடற்படைக்கும் சொன்னார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"உதை ஏன் செவ்வாய்க்கிழமை வாசிக்கேல்லை?"

நான் கொப்பியை மூடினேன். அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

பின்னேரம் இரண்டு மணிக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் காற்றாடியில் வலை சுற்றி, அதை அறுக்கப்போய்த் தம்பியின் வலது கை அகப்பட்டிருந்தது. நங்கூரம் பிடிக்காமல் சோளகம் வெகுதூரம் தள்ளிவிட்டது. இருவருக்கும் உயிர் இருந்தது. தம்பியின் கையில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். முந்திக் கொண்டுவந்திருந்தால் விரல்கள் மிஞ்சியிருக்குமா என்று நான் எந்த டொக்டரிடமும் கேட்கவில்லை.

அன்று மாலையே யோசேப்பு சேர் விழாவை நிறுத்தினார். ஆட்கள் நாளைக்கு வருகிறார்களே என்று ரமணன் கேட்டார். "வரட்டும். தேத்தண்ணி குடுத்து அனுப்புவம்" என்றார் சேர்.

நாலைந்து நாள் கழித்து நான் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணீர் தந்தாள். ஏன் ஒன்றை அழுத்தினாள் என்று கேட்க வந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்டை அமத்தினா வந்திடுவார் எண்டு நினைச்சன் மிஸ்" என்றாள். என் வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு, "என்ரை வாயாலை சொல்லாததை விரலாலை சொல்லுறதோ?" என்றாள்.

எனக்கு அது புதிதாக இருந்திருக்கக்கூடாது. எங்கள் பக்கத்திலும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது போறன் என்று ஒருவரும் சொல்லமாட்டோம், போட்டு வாறன் என்றுதான் சொல்வோம். கரையில் அது இன்னும் கடுமை. வள்ளம் வர நேரம் செல்லும்போது பெண்கள் துறைக்கு வருவார்கள். மண்ணெண்ணெய் கேட்பார்கள், எஞ்சின் புத்தகம் கேட்பார்கள். ஆள் வரவில்லை என்று ஒருத்தியும் சொன்னதில்லை. அவர்களுக்கு அத்தனை வருடம் யன்னலில் துண்டு எழுதிக் கொடுத்தவள் நான். பலகை பெண்களிடம் எதையும் கேட்டதில்லை. அதனால் அவர்கள் எதையும் சொல்லத் தேவை இருக்கவில்லை. நாங்கள்தான் முதன்முதலாகக் கேட்டோம், அதுவும் அவர்களால் அழுத்த முடியாத ஒரு இலக்கத்தைக் கொடுத்துவிட்டு. என் நாற்பது மட்டையில் பதினொன்றில் 'மனைவி இரண்டை அழுத்துகிறார்' என்று இருந்தது. அந்தப் பதினொன்றையும் அழுத்தியவள் நான். என்னுடைய ஆள் ஒருவரும் கடலில் இல்லை.

ரமணன் குறை சொல்லாமல் திரும்ப உட்கார்ந்தார். கேள்வியை மாற்றினோம். கரையில் நின்றால் ஒன்று, வந்துகொண்டிருந்தால் இரண்டு. இரண்டு என்றால் சிஸ்டம் சத்தம் போடாது, இருபது நிமிடத்தில் திரும்பவும் தொலைபேசி எடுக்கும். திரும்பவும் இரண்டு என்றால் கந்தோருக்குச் சொல்லும். குரலையும் மாற்றினோம். செய்தி வாசிக்கிற குரலை எடுத்துவிட்டு ஜெசிந்தாவையே கதைக்க வைத்தோம். இந்தமுறை கந்தோர்த் தொலைபேசியில் பரிசோதிக்கவில்லை. காலை ஆறரைக்கு, வள்ளங்கள் உண்மையாகவே கடலில் இருக்கும்போது, ஆறு வீடுகளுக்குச் சிஸ்டத்தைக் கொண்டு தொலைபேசி எடுப்பித்தோம். நான் ஒவ்வொரு வீடாகப் போய் நின்று பார்த்தேன். நான்கு பேர் இரண்டை அழுத்தினார்கள். ஒருவர் ஒன்றும் அழுத்தாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். ஒருவர் ஒன்றை அழுத்தினார்.

அந்த ஒருவருக்காகத்தான் நாற்பத்தோராவது மட்டை. முன்பக்கத்தில், 'வள்ளம் வரவில்லை. மனைவி ஒன்றை அழுத்துகிறார்' என்று எழுதினேன். பின்பக்கம் சிஸ்டம் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ரமணனுக்கும் தெரியவில்லை. மட்டையை யோசேப்பு சேரிடம் கொண்டுபோனேன். வாசியும் என்று சொல்லாமல் தானே வாங்கி வாசித்தார். திருப்பி, தன் பேனையால், 'எழுத்தர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும்' என்று எழுதிக் கீழே கையெழுத்து வைத்தார்.

பச்சை என்று காட்டியும் ஒன்பதரைக்கு மீன் நிறுக்க வராத வள்ளங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, இளைப்பாறும் வரை நான் வீடுகளுக்குப் போனேன். அநேகமாக ஆள் வீட்டில் நித்திரையாக இருப்பார். தோட்டத்து மிஸ் இன்றைக்கும் வந்துவிட்டா என்று சிரிப்பார்கள். மூன்று தடவை அப்படி இருக்கவில்லை. அந்த மூன்று தடவையும் தேடும் வள்ளங்கள் நேரத்தோடு போயின. நான் இளைப்பாறிய பிறகு என் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. யோசேப்பு சேர் இப்போது இல்லை.

மட்டைகளைப் பஸ்சில் கொண்டுபோய் ரமணனிடம் கொடுத்தேன். நாற்பத்தொன்றை மேலே வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அழைத்தார். நாற்பதும் புதிய சிஸ்டத்தில் சரி வந்துவிட்டதாம்.

"நாப்பத்தொண்டுக்குத்தான் அக்கா, கொம்பியூட்டருக்கு விடை குடுக்கத் தெரியேல்லை. உதிலை ஒரு ஆளைப் போட்டிருக்கு. இப்ப கந்தோரிலை அப்பிடி ஆள் இல்லை."

"தெரியும்" என்றேன்.

 அவர், விரல் போன அருளப்புவின் தம்பி இப்போதும் தொழிலுக்குப் போகிறானா என்று கேட்டார். போகிறான், தனி வள்ளம் எடுத்துவிட்டான் என்றேன். பிறகு, தான் சங்கங்களோடு கதைத்து ஒவ்வொரு கரைக்கும் ஒரு ஆளைப் போடுவிப்பதாகவும், அதுவரை ஒன்றும் தொடங்குவதில்லை என்றும் சொன்னார்.

"அப்பிடிப் போறவைக்கு என்ன சொல்லிக் குடுக்கிறது அக்கா? வாசலிலை நிண்டு வந்திட்டாரோ எண்டு கேக்கிறதோ?"

"அதைக் கேக்க வேண்டாம் தம்பி" என்றேன். "எந்தப் பக்கம் போனவை எண்டு கேக்கச் சொல்லுங்கோ."

அவர் எழுதிக்கொள்கிற சத்தம் தொலைபேசியில் கேட்டது.